ஹ்யூகோவுக்கு ஓட்டு போடணும்னா மொதல்ல பேங்க்கை ஜெயிக்கணும்

ஹ்யூகோங்கிறது சயின்ஸ் ஃபிக்ஷன், ஃபேன்டசி கதைகளுக்கு வருஷா வருஷம் குடுக்குற அவார்டு. அதுக்கு ரசிகர்களே பேரை நாமினேட் பண்ணலாம், அதுல வர்ற ஃபைனல் லிஸ்ட்டுக்கு ஓட்டும் போடலாம், அதை குடுக்குற வேர்ல்ட்கான்ங்கிற உலக ரசிகர் மாநாட்டுக்கு நேர்ல போகணும்னு இல்ல, டபிள்யூஎஸ்எஃப்எஸ்ங்கிற உலக சயின்ஸ் ஃபிக்ஷன் சங்கத்தோட மெம்பர்ஷிப் எடுத்தா போதும்னு சயின்ஸ் ஃபிக்ஷன் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். 2024ல கிளாஸ்கோல நடந்த வேர்ல்ட்கானுக்கு அது 45 பவுண்ட், நம்ம காசுல ஐயாயிரத்துக்கு கிட்ட. சைட்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்றதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை. காசு கட்டுறதுலதான் என் உசிரே போச்சு, இன்னமும் அந்த எரிச்சல் அடங்கல.

ஜனவரி 20ஆம் தேதி, முந்தின வருஷம் சீனாவுல செங்டுல நடந்த ஹ்யூகோவோட ஓட்டுக் கணக்கு வெளிய வந்துச்சு. ஆர். எஃப். குவாங்கோட பேபல் நாவலுக்கு அவ்ளோ பேர் நாமினேட் பண்ணியும் காரணமே சொல்லாம தகுதி இல்லன்னு தூக்கிட்டாங்கன்னு அதுல தெரிஞ்சதும், இப்படிப்பட்ட அவார்டுக்கு ஏன்டா காசு கட்டுறன்னு ஃப்ரெண்ட்ஸ் கேட்டாங்க. எனக்கு நேர்மாறா தோணுச்சு, நம்ம மாதிரி வெளியூர் ஆளுங்க உள்ள போய் ஓட்டு போட்டாதானே நாலு பேர் இஷ்டத்துக்கு எதுவும் நடக்காது. அதோட நம்ம பக்கத்துல கொழும்புல இருந்து எழுதுற வஜ்ர சந்திரசேகரவோட தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ் நாவல் 2023ல வந்திருந்துச்சு, அதை என் கையால நாமினேட் பண்ணணும்னு ரொம்ப ஆசை. நாமினேட் பண்ணணும்னா ஜனவரி 31க்குள்ள மெம்பரா இருக்கணும். அதுக்கப்புறம் சேந்தா ஃபைனல் ஓட்டு மட்டும்தான்.

டெபிட் கார்டு போட்டேன், டிக்ளைன். ஆப்ல இன்டர்நேஷனல் பட்டனை ஆன் பண்ணிட்டு திரும்ப போட்டேன், அப்பவும் டிக்ளைன். கஸ்டமர் கேர்ல பிராஞ்சுக்கு போகச் சொன்னாங்க, ஆனா 25 தைப்பூசம், 26 குடியரசு தினம், 27 நாலாவது சனி, 28 ஞாயிறு, வரிசையா நாலு நாள் பேங்க் கிடையாது.

திங்கக்கிழமை காலைலயே மதுரைல வீட்டு பக்கத்துல இருக்குற பிராஞ்சுல போய் நின்னேன். கவுண்டர்ல இருந்தவர் என் ஃபோனை வாங்கி அந்த பேஜை மேலயும் கீழயும் தள்ளிப் பாத்துட்டு, "என்ன தம்பி இது, ஓட்டு போடுறதுக்கு எவனாச்சும் காசு வாங்குவானா? ஏமாத்து வேலை, அஞ்சாயிரத்தை தொலைச்சிட்டு இங்க வந்து அழாதீங்க"ன்னாரு. 1953ல இருந்து குடுக்குற அவார்டு சார்னு சொன்னதுக்கு, "உங்க ஹோம் பிராஞ்ச் திண்டுக்கல்னு காட்டுது, அங்க போய் லெட்டர் குடுங்க"ன்னு ஃபோனை திருப்பிக் குடுத்துட்டாரு. லீவு சொல்லிட்டு திண்டுக்கல் போனா, ரெண்டு நாள் ஆகும்னு சொல்லி லெட்டரை வாங்கி வச்சுக்கிட்டாங்க. 31ஆம் தேதி ராத்திரி வரைக்கும் போட்டு போட்டு பாத்தேன், போகல. நாமினேஷன் போச்சு.

பிப்ரவரில கஸ்டமர் கேர்ல வேற ஒரு பொண்ணு எடுத்துச்சு, ரெண்டே நிமிஷத்துல விஷயத்தை பிடிச்சிருச்சு. பட்டன் ஆன்ல இருக்கு சார், ஆனா இன்டர்நேஷனல் லிமிட் ஜீரோன்னு இருக்கு, அதை நீங்களே ஆப்ல மாத்தலாம்னு சொல்லுச்சு. இதுக்கா என்னை திண்டுக்கல் வரைக்கும் அலைய விட்டாங்க? தயவு செஞ்சு பட்டன், லிமிட் ரெண்டையும் டிசம்பர்லயே பாத்து வச்சுக்கோங்க. காசு போனதும் கன்ஃபர்மேஷன் மெயில் உடனே வந்துச்சு.

மார்ச் 29ல ஃபைனலிஸ்ட் லிஸ்ட் வந்தப்ப நாவல்ல ஆறு பேர்ல வஜ்ரவும் இருந்தாரு. ஆஃபீஸ்ல உக்காந்துக்கிட்டே கத்திட்டேன். அந்த தடவை யாரை ஏன் நீக்கினோம், யார் வேணாம்னு விலகினாங்கன்னும் லிஸ்ட்டோடவே சொல்லிட்டாங்க, செங்டுவுக்கு அப்புறம் அது பெரிய நிம்மதி.

ஓட்டர் பாக்கெட், அதாவது ஓட்டு போடுறவங்க படிக்கிறதுக்குன்னு குடுக்குற ஃபைனலிஸ்ட் படைப்புகளோட தொகுப்பு, வந்ததும் உடனே எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணிருங்க, சிலது முழு புக்கா இருக்கும், சிலது கொஞ்ச பக்கம்தான் இருக்கும், அது பப்ளிஷர் இஷ்டம். எல்லாத்தையும் படிச்சு முடிக்க முடியாது. நான் சிறுகதை, நாவலெட் (சிறுகதையை விட கொஞ்சம் நீளமான கதை) ரெண்டையும் முழுசா முடிச்சுட்டு அப்புறம்தான் நாவலுக்கு வந்தேன்.

ஓட்டு போடுறதுல ஒண்ணு மட்டும் சொல்றேன். ஃபர்ஸ்ட் பிளேஸ் மட்டும் போடு, ரெண்டாவது போட்டா ஃபர்ஸ்டோட மார்க் கொறையும்னு ஒருத்தர் எங்க வாட்ஸாப் குரூப்ல அடிச்சு சொன்னாரு, அது சுத்தத் தப்பு. இது மார்க் போடுற முறையே இல்ல. கடைசில இருக்குறதை தூக்குவாங்க, அதுக்கு விழுந்த ஓட்டு அந்தந்த பாலட்ல அடுத்து இருக்குறதுக்கு போகும், உங்க ஃபர்ஸ்ட் சாய்ஸ் களத்துல இருக்குற வரைக்கும் ரெண்டாவதை யாரும் தொடவே மாட்டாங்க. அதனால தைரியமா வரிசையா போடுங்க. எதுக்குமே அவார்ட் குடுக்கக் கூடாதுன்னு தோணுனா நோ அவார்ட்னு ஒண்ணு இருக்கு, அதையும் ரேங்க் பண்ணலாம், 2015ல அஞ்சு பிரிவுல அதுதான் ஜெயிச்சுச்சு. கடைசி தேதி வரைக்கும் மாத்திக்கலாம். 2024ல ஜூலை 20 அங்க சாயந்திரம் முடிஞ்சப்ப நமக்கு நடுராத்திரி தாண்டிருச்சு, ஆனா கடைசி நேரத்தை நம்பி இருக்காம முன்னாடியே ஒரு தடவை சேவ் பண்ணி வைங்க.

எல்லாம் முடிஞ்சுதுன்னு இருந்தா ஜூலை 22ல கிளாஸ்கோ ஹ்யூகோ டீம்கிட்ட இருந்து ஒரு அறிக்கை. மொத்தம் 3,813 ஓட்டுல 377 போலின்னு தள்ளிட்டோம், பேரெல்லாம் பொய்யா இருக்குன்னு. எனக்கு வயித்த கலக்கிருச்சு. ஏன்னா சைட்ல கடைசிப் பேர்னு ஒரு கட்டம் கட்டாயம், நமக்கு ஏது கடைசிப் பேர், இனிஷியல்தானே, கார்டுல இருக்குற மாதிரியே ஒத்தை எழுத்தை போட்டு வச்சிருந்தேன். பாக்குறவனுக்கு போலி மாதிரி தெரியாதா? அறிக்கையை முழுசா படிச்சப்பதான் மூச்சு வந்துச்சு. ரெண்டாவது பேர்ல முதல் எழுத்து மட்டும் ஏ, பி, சின்னு வரிசையா மாறுற கூட்டம், எண்களையே பேரா வச்ச கூட்டம், அதுவும் ஒரே ஃபைனலிஸ்டுக்கு சாதகமா விழுந்த ஓட்டு. அந்த ஃபைனலிஸ்டுக்கு இது தெரிஞ்சதா எந்த ஆதாரமும் இல்லன்னும் சொல்லி பேரை வெளியிடல, அது சரியான முடிவுதான். நீங்க இனிஷியலுக்கு பதிலா அப்பா பேரை முழுசா போட்டுருங்க, இந்த பதட்டமே வேணாம்.

ஆகஸ்ட் 11 ராத்திரி முழிச்சிருந்து பாத்தேன். வஜ்ரவுக்கு கிடைக்கல, எமிலி டெஷோட சம் டெஸ்பரேட் குளோரி ஜெயிச்சுச்சு. வருத்தம்தான், ஆனா நான் ரெண்டாவதா போட்டதும் அதுதான், நல்ல நாவல். ஜூன்லயே வஜ்ரவுக்கு நெபுலாங்கிற இன்னொரு பெரிய சயின்ஸ் ஃபிக்ஷன் அவார்டு கிடைச்சிருந்துச்சுல்ல, அதை நெனச்சு மனசை தேத்திக்கிட்டேன்.

இன்னொண்ணு, போன வருஷ மெம்பருக்கு அடுத்த வருஷம் நாமினேட் பண்ற உரிமை உண்டு, காசு கட்ட வேணாம், ஓட்டுக்குத்தான் திரும்ப கட்டணும். அப்படித்தான் 2025 சியாட்டிலுக்கு என் நாமினேஷனை பேங்க் பக்கமே போகாம போட்டு முடிச்சேன்.