அளவியின் நுனியில் ஒரு குமிழி

1986இல் உயர்தர வகுப்பில் படிக்கும்போது எங்கள் தமிழ் மன்றத்தில் ஒரு விவாதம் நடந்தது. அறிவை வளர்ப்பது மரபைக் காப்பதா, மீறுவதா என்பது தலைப்பு. நான் மீறும் பக்கம். கலிலியோவையும் டார்வினையும் அடுக்கிப் பேசினேன், நல்ல கைதட்டல். அடுத்த கிழமை இரசாயன ஆய்வுகூடத்தில் நடந்த ஒன்றுதான் அந்தக் கேள்வியை இன்றுவரை என்னோடு வைத்திருக்கிறது.

நியமிப்புச் செய்முறை. அடியில் திருகு வைத்த அளவி என்ற நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு கரைசலை இன்னொன்றுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, தாக்கம் முடிய எவ்வளவு செலவானது என்று அளப்பது. மூன்று வாசிப்பு எடுக்க வேண்டும். முதலாவது 25.3, அடுத்த இரண்டும் 24.6. மணி அடிக்கப் போகிற நேரம். 25.3ஐ அழிறப்பரால் அழித்து 24.6 என்று எழுதினேன். எங்கள் இரசாயன சேர் கொப்பியை வாங்கி, தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நீர் கண்டதோ, இல்லாட்டி உமக்கு வேண்டினதோ?"

ஏசவில்லை. அதுதான் கூடச் சுட்டது. செய்முறைக் கொப்பியில் எதையும் அழிக்கக் கூடாது, பிழையென்றால் ஒரு கோடு கீறிவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது அவருடைய வகுப்பின் முதல் விதி. எனக்கு அது வெறும் சம்பிரதாயமாகப் பட்டிருந்தது. அளவியைக் கழுவித் திரும்ப நிரப்பச் சொன்னார். பார்த்தால், திருகுக்குக் கீழே நுனியில் ஒரு காற்றுக்குமிழி. அதை வெளியேற்றாமல் தொடங்கினால், குமிழி நின்ற இடத்தை நிரப்புகிற கரைசலும் வாசிப்பில் சேர்ந்துவிடும். கூடுதலாக வந்த 0.7இன் காரணம் அதுதான்.

அப்புறம் வாங்கில் இருந்தபடி இன்னொரு குமிழியைப் பற்றிச் சொன்னார். 1785இல் கவன்டிஷ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, காற்றிலுள்ள நைதரசனை மின்பொறியால் ஒட்சிசனோடு சேர்த்துச் சேர்த்து அகற்றிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு சின்னக் குமிழி மிஞ்சியது. என்ன செய்தும் அது போகவில்லை. நைதரசனில் 120இல் ஒரு பங்குக்கு மேல் இராது என்று எழுதிவைத்தார். நூறு வருடத்துக்கு மேலாக அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

1892இல் றேலி பிரபு என்ற ஆங்கிலேய பௌதிகவியலாளர் நைதரசனை நிறுத்துக்கொண்டிருந்தார். காற்றிலிருந்து எடுத்த நைதரசன், அமோனியாவிலிருந்து எடுத்ததைவிட ஆயிரத்தில் ஒரு பங்களவு கனமாக இருந்தது. வேறொருவர் என்றால் ஆய்வுப் பிழை என்று விட்டிருப்பார், நான் அழித்ததுபோல அழித்தும் இருப்பார். றேலி அந்த வித்தியாசம் பெருக வழி தேடினார். அமோனியாவிலிருந்து எடுத்ததிலும் முதலில் காற்று நைதரசன் கலந்திருந்தது. முழுக்க அமோனியாவிலிருந்தே நைதரசனை எடுத்தபோது வித்தியாசம் இருநூறில் ஒன்றானது: காற்றிலிருந்து எடுத்தது லீட்டருக்கு 1.257 கிராம், அமோனியாவிலிருந்து எடுத்தது 1.251 கிராம். பிறகு இரசாயனவியலாளர் வில்லியம் ராம்சே, காற்று நைதரசனைச் சூடான மக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தி உறிஞ்ச வைத்தார். மிஞ்சியது ஒரு புதிய மூலகம், ஆகன். 1894இல் இருவரும் அதை அறிவித்தார்கள். காற்றில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு அது. நாமெல்லாம் பிறந்த நாள் முதல் சுவாசித்துக்கொண்டிருப்பது.

இதில் என் மனத்தை அசைப்பது மென்டலீவின் பங்கு. 1869இல் மூலகங்களை ஆவர்த்தன அட்டவணையில் ஒழுங்குபடுத்தியபோது, தெரியாத மூலகங்களுக்கு அதில் வெற்றிடம் விட்ட துணிச்சல்காரர் அவர். ஆகனுக்கோ அந்த அட்டவணையில் இடமே இல்லை. மூன்று அணு சேர்ந்த நைதரசனாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். றேலி எதையும் மீறப் புறப்பட்டவரல்லர். கவனமாக நிறுத்து, கண்டதை எழுதும் பழைய ஒழுங்கை விடாமல் பிடித்தவர். உடைந்தது, காற்றைப் பற்றி எல்லோரும் நம்பியிருந்தது. அன்றைய விவாதத்தில் இதை நான் அறிந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பேனோ!

ராம்சே வேலை செய்த லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி கவர் வீதியில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சேரின் குரல் கேட்கும். என் செய்முறைக் கொப்பி 1995 இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. அழித்த இடத்துக்குப் பக்கத்தில் சேர் என்னைக்கொண்டு மையால் எழுதுவித்த வரி மட்டும் மறக்கவில்லை: "25.3. நுனியில் குமிழி."