லொக் லீவன்: அரசியைச் சிறை வைத்த தீவு

முதலில் டாக்ஸி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் மனசு ஆறவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து, லொக் லீவன் ஏரிக்கரையில் இருக்கும் கின்ராஸுக்கு ரயில் கிடையாது, பஸ்தான். அதுவும் அன்றைக்கு நாற்பது நிமிடம் லேட். தீவுக்குப் போகும் படகைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயத்தில் கின்ராஸில் இறங்கியதும் படகுத்துறைக்கு டாக்ஸி பிடித்தால், கால் மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய தூரத்துக்குப் பன்னிரண்டு பவுண்டு! என் மதியச் சாப்பாட்டுக் காசு அது. தயவுசெய்து நடந்தே போங்கள்.

சரி, ஏரி நடுவே தீவில் இருக்கும் லொக் லீவன் கோட்டைக்கு வருவோம். டிக்கெட்டிலேயே படகும் அடக்கம், சின்னப் படகு, கொஞ்ச நேரத்தில் தீவு வந்துவிடுகிறது. மரங்களுக்கு நடுவே கூரை போன ஒரு கல் கோபுரம், 14ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதன் பழைய வாசல் தரையில் இல்லை, இரண்டாவது மாடி உயரத்தில் இருக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் இதற்குள் அடைபட்ட அரசி எப்படித் தப்பியிருப்பார் என்ற கேள்வியே எனக்கு உறைத்தது. இன்னொன்று, நாம் நடக்கிற புல்வெளியில் பெரும்பகுதி அன்று தண்ணீருக்குள் இருந்தது. 1830களில் ஏரியின் நீர்மட்டத்தைக் குறைத்ததால்தான் தீவு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. அதற்கு முன்பு மதிலை ஒட்டியே தண்ணீர்.

ஸ்காட்லாந்து அரசி மேரியை, அவரை எதிர்த்த பிரபுக்கள் 1567 ஜூனில் இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். வயது 24. வயிற்றில் இருந்த இரட்டைக் குழந்தைகள் இங்கேதான் கலைந்தன. உடம்பு தேறுவதற்குள், ஜூலை 24 அன்று மிரட்டிக் கையெழுத்து வாங்கி முடியைப் பறித்து, ஒரு வயது மகன் ஜேம்ஸை அரசனாக்கிவிட்டார்கள். அந்த இடத்திலேயே நின்று இதை நினைத்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறு வருஷம் மார்ச்சில் சலவைக்காரி வேஷத்தில் படகு ஏறியிருக்கிறார். முகத்தை மூடிய கையின் வெளுப்பைப் பார்த்தே படகுக்காரர் கண்டுபிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டாராம். பாத்திரம் தேய்க்காத, துணி துவைக்காத கை! அப்புறம் மே 2ஆம் தேதி ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வில்லி டக்ளஸ் என்ற பையன் சாவியைச் சுட்டு, மேரியை வெளியே கூட்டிவந்து, கதவை வெளியிலிருந்தே பூட்டி, சாவியை ஏரியில் வீசிவிட்டான். கோட்டை அன்று டக்ளஸ் குடும்பத்துடையது, தப்ப வைத்தவர்களிலும் டக்ளஸ்கள்! ஆனால் பதினொரே நாளில் லாங்சைடு சண்டையில் தோற்று, இங்கிலாந்துக்கு ஓடி, அங்கே மறுபடி சிறை, 1587இல் மரண தண்டனை.

திரும்பி வந்து குடித்த கலன் ஸ்கிங்க் என்ற சூப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். புகையில் வாட்டிய ஹேடக் மீன், உருளைக்கிழங்கு, பால், ஆவி பறக்க ஒரு கிண்ணம், கூடவே ரொட்டி. ஏரிக்காற்றில் விறைத்த விரல்களுக்கு அந்தக் கிண்ணத்தின் சூடே போதும். டாக்ஸிக்குக் கொடுத்ததைவிடக் குறைவுதான் ஆனது.

குளிர்காலத்தில் படகு ஓடாது. கிளம்பும் முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.