அந்த வெள்ளை வீடு யாருடையது?

மே மாதம் வந்தால் எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்குப் போவோம். மேரிலாந்தில் எங்கள் ஊரிலிருந்து மஞ்சள் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். இந்த வருடம் 58 பிள்ளைகள், துணைக்கு ஆறு பெற்றோர். பெர்மிஷன் ஸ்லிப்புகளை எண்ணுவதும், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத மூன்று பேரின் மருந்துப் பையைத் தனியாக எடுத்து வைப்பதும் என் பொறுப்பு. ஒன்பது வருடமாகப் போகிறேன். இன்னமும் முதல் நாள் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

நான் திருநெல்வேலியில் படித்தவள். எனக்கு வரலாறு என்றால் கோடிட்ட இடத்தை நிரப்புவதுதான். பானிபட் போர்கள் 1526, 1556, 1761. ஒப்பித்தேன், முழு மார்க் வாங்கினேன். அந்தப் போர் நடந்த நிலம் யாருடைய வயல், அங்கே என்ன பயிர் நின்றது என்று எந்த டீச்சரும் கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. இந்த நாட்டுக்கு வந்து, அமெரிக்க வரலாற்றைப் படித்துத் தேறி, அதையே பாடமாக நடத்த ஆரம்பித்த பிறகும் வெகுநாள் தோன்றவில்லை.

அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க் சண்டை 1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்தது. இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் என்று இரண்டு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 51,000 பேர். வகுப்பில் இந்த எண்ணைப் பலகையில் எழுதுவேன். பிள்ளைகளும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பதின்மூன்று வயசுப் பிள்ளைக்கு 51,000 என்பது ஒரு ஃபுட்பால் மைதானத்துக் கூட்டம், அவ்வளவுதான்.

அதனால் நடக்க வைக்கிறேன். மூன்றாம் நாள் மதியம் தெற்குப் படையினர் சுமார் 12,000 பேர் திறந்த வெளியைக் கடந்து, எதிரே மேட்டில் நின்ற வடக்குப் படையை நோக்கிப் போனார்கள். பிக்கெட் என்ற தெற்குத் தளபதியின் பெயரால் இதற்குப் பிக்கெட்டின் தாக்குதல் என்று பெயர். பாதிக்கு மேல் திரும்பவில்லை, அல்லது காயத்தோடு திரும்பினார்கள். வர்ஜீனியா நினைவுச் சின்னத்தின் பக்கத்தில் பிள்ளைகளைத் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிறுத்தி, பேசாமல் நடக்கச் சொல்வேன். ஏறக்குறைய ஒரு மைல். துப்பாக்கி மாதிரி கையை நீட்டி விளையாட நான் விடுவதே இல்லை. பாதி தூரத்திலேயே வரிசை கோணிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் சமவெளி, உள்ளே இறங்கினால் பள்ளமும் மேடும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் எதிர் மேடு மறைந்துவிடும், ஏறியதும் மறுபடி தெரியும். எம்மிட்ஸ்பர்க் சாலைக்கு வந்ததும் நிறுத்தி, அன்றைக்கு அங்கே இருந்த கனமான மரவேலிகளைப் பற்றிச் சொல்வேன். அவற்றில் ஏறியவர்கள் குண்டுக்கு நேரே இலக்காக நின்றார்கள். அந்த இடத்தில் யாரும் சிரிப்பதில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் அந்தச் சாலையோரத்தில்தான் ஒரு பெண் பிள்ளை கை தூக்கினாள். "மிஸ், இடது பக்கம் மேட்டில் ஒரு சின்ன வெள்ளை வீடு தெரியுதே, அது யாருடையது?"

எனக்குத் தெரியவில்லை. தளபதிகள் பெயர் தெரியும், எந்தப் படைப்பிரிவு எங்கே நின்றது என்று தெரியும். அந்த வீட்டுக்காரர் பெயர் தெரியாது. அன்று எங்களோடு வந்த கைடுதான் பதில் சொன்னார். (அங்கே கைடாக இருக்க உரிமம் வேண்டும். 1915 முதலே அந்த ஏற்பாடு உண்டு.)

ஆப்ரஹாம் பிரையன். கறுப்பினத்தவர், யாருக்கும் அடிமையில்லாத சொந்த நிலக்காரர். 1857-ல் வாங்கிய 12 ஏக்கர். கோதுமை, பார்லி, வைக்கோல், கொஞ்சம் பழ மரங்கள். தெற்குப் படை பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது, சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவரைக்கூடப் பிடித்து அடிமைகளாகத் தெற்கே அனுப்பியது. அதனால் பிரையன் மனைவி மக்களோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். அந்த வீட்டைச் சுற்றித்தான் ஜூலை 3-ம் தேதி வடக்குப் படை நின்றது. திரும்பி வந்தபோது சுவரெல்லாம் குண்டுத் துளை, வேலி இல்லை, பயிர் மிதிபட்டுக் கிடந்தது. நஷ்ட ஈடாக 1,028 டாலர் கேட்டார். கிடைத்தது 15 டாலர்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு மனசே சரியில்லை. நாலு வருடமாக அந்த மனிதரின் வயலில் பிள்ளைகளை நடத்திப் போயிருக்கிறேன், அவர் பெயரைச் சொல்லாமல்.

அதற்குப் பிறகு பாடத்தை மாற்றினேன். இப்போது பயணத்துக்கு முந்தைய வாரம் தளபதிகளுக்கு ஒரே ஒரு பீரியடுதான். பிரையனுக்கு இரண்டு. பிள்ளைகள் நாலு நாலு பேராக உட்கார்ந்து, அவர் இடத்தில் இருந்தால் எதையெல்லாம் நஷ்டப் பட்டியலில் சேர்ப்போம் என்று எழுதுவார்கள். முதலில் வீடு, ஜன்னல் என்று ஆரம்பிப்பார்கள். பிறகு யாராவது அடுத்த வருட விதைக்கு எங்கே போவார் என்று கேட்பார்கள். அங்கேதான் பாடம் சூடு பிடிக்கும். கடைசியில் 15-ஐ 1,028-ஆல் வகுக்கச் சொல்வேன். ஒரு டாலருக்கு ஒன்றரை சென்ட்கூடத் தேறாது. இந்த வருடம் ஒரு பையன் கால்குலேட்டரைக் காட்டி, "மிஸ், தப்பா போட்டுட்டேனா?" என்று மூன்று தடவை கேட்டான்.

அந்தச் சண்டையில் இறந்த வடக்குப் படையினரைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தில், அதன் அர்ப்பணிப்பு விழாவில் அன்றைய ஜனாதிபதி லிங்கன் ஆற்றிய உரையைப் படிப்போம். பத்தே வாக்கியம். ஆளுக்கொன்றாகப் பத்துப் பேர். அதற்கு முன் பெயரில்லாத சின்னக் கற்களைப் பார்க்கச் சொல்வேன், எண் மட்டும் செதுக்கியவை. 979 பேர் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. களத்தில் ஆங்காங்கே புதைத்த உடல்களைத் தோண்டி எடுத்து இங்கே கொண்டுவந்த வேலையை ஆட்களோடு செய்தவர் பாசில் பிக்ஸ், அவரும் கறுப்பின விவசாயிதான். லிங்கன் பேசிய அந்த நவம்பர் 19-ம் தேதியிலும் அந்த வேலை முடிந்திருக்கவில்லை. "எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்" என்ற வரி வரும்போது பிள்ளைகளின் குரல் மாறுகிறது. நான் மாற்றச் சொன்னதில்லை.

அடுத்த மே மாதத்துக்கான அட்டவணையை நேற்று போட்டேன். பரிசுப் பொருள் கடைக்கு இருந்த 40 நிமிடத்தில் 25-ஐ எடுத்துவிட்டேன். பிரையன் வீட்டின் முன்னால், புல்லில் உட்கார்ந்து, அவரவர் எழுதிய பட்டியலை அங்கேயே வாசிக்க அந்த நேரம் வேண்டும்.