அப்பாவுக்கு ஒன்றுமில்லையாம்

மாசி 9
அருவி வெட்டு முடிந்து நாலு நாள். பொதுநோக்கு மண்டபத்தில் சிறுநீரகப் பரிசோதனை என்று குடும்பநல மாது வந்து சொல்லிவிட்டுப் போனா. அப்பா அசையவில்லை. "எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை, போன கிழமைகூட மூட்டை தூக்கினனான்." அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட பிறகுதான் சேர்ட்டைப் போட்டார். பிரசர் 146/92. ரத்தமும் சலமும் எடுத்தார்கள்.

மாசி 17
கிரியேற்றினின் 1.6. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் அது. அப்பாவுக்கு வயது 56, அதை வைத்துக் கணக்குப் பார்த்தால் ஈ.ஜி.எவ்.ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டுகிற வேகம், 50 வருகிறது. அறுபதுக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்றார் டொக்டர். சலத்தில் புரதம் இல்லை, சீனியும் இல்லை. அப்படியென்றால் பயமில்லைத்தானே என்று நான் அவசரப்பட்டுக் கேட்டேன். இல்லையாம். சீனி வருத்தத்தால் வருகிற சிறுநீரக நோயில் புரதம் முதலிலேயே சலத்தில் காட்டிவிடும். எங்கள் பக்கம் விவசாயிகளுக்கு வருகிற, காரணம் இன்னும் உறுதியாகத் தெரியாத இந்த நோயில் புரதம் கன காலம் தெரியாமலே இருக்கலாம். அதனால் ரத்தமும் கட்டாயம் பார்க்க வேண்டும். 1990களில் அநுராதபுரம், மதவாச்சி, பதவியா பக்கம் கண்டுகொண்ட நோய் இது. பதவியா எங்களுக்கு எவ்வளவு தூரம்?

ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவு சொல்ல ஏலாதாம். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மாசி 18
நாரிப்பிடிப்புக்கு என்ன மாத்திரை போடுகிறவர் என்று டொக்டர் நேற்றே கேட்டார். இன்று அலுமாரியைத் திறந்து பார்த்தேன். டைக்குளோபெனாக், ஐபுபுரோபன், வெறும் அட்டைகள் மட்டும் பதினொன்று. எல்லாம் கடையில் கேட்டு வாங்கினவை. இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும். வெயிலில் வியர்த்து உடம்பு காய்ந்திருக்கும்போது போட்டால் இன்னும் மோசம். வெட்டுக் காலம் முழுக்க அப்பா செய்தது அதைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலித்தால் இனிப் பரசிற்றமோல் மட்டும், அதுவும் அளவோடு.

பங்குனி 4
பிரசர் இன்னும் இறங்கவில்லை. லொசார்ட்டன் என்று பிரசர் மாத்திரை தந்திருக்கிறார்கள். அது சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பைக் கூட்டுமாம், இரண்டு கிழமையில் ரத்தம் பார்க்க வேண்டும். 130/80க்குக் கீழே கொண்டுவந்தால் சிறுநீரகம் பழுதாகிற வேகம் குறையும். அம்மா கருவாட்டை நிறுத்திவிட்டா. அப்பாவுக்கு அதுதான் பெரிய துக்கம்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகப் படியும். கொதிக்க வைத்தால் போதும் என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தோம். கொதித்தால் கிருமி சாகும், தண்ணீரில் கரைந்திருக்கிற புளோரைட் போகாது; இந்த நோய்க்கு அதன்மேலும் ஒரு சந்தேகம் இருக்கிறதாம். இப்போது குடிக்கவும் சமைக்கவும் ஊர் வடிகட்டித் தண்ணீர்தான். தம்பி சைக்கிளில் கொண்டுவருகிறான்.

சித்திரை 27
தாங்க முடியாத வெயில். பத்து மணிக்கு முன் வயலைவிட்டு ஏறச் சொல்லியிருக்கிறேன். போத்தல் தண்ணீரோடுதான் போகிறார்.

வைகாசி 20
கிரியேற்றினின் 1.5, ஈ.ஜி.எவ்.ஆர் 54. மூன்று மாதம் தாண்டியும் அறுபதுக்குக் கீழேதான், ஆகவே நாட்பட்ட நோய்தான், மூன்றாம் கட்டம். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டொக்டர். நான் பக்கத்து வளவு மாமாவை நினைத்தேன். கால் வீங்கின பிறகுதான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனவர். இன்று கிழமைக்கு இரண்டு தரம், விடியமுன் பஸ் ஏறி ரத்தம் சுத்திகரிக்கப் போகிறார். அவரும் மூட்டை தூக்கின மனிசன்.

வரும் வழியில் அப்பா கேட்டார்: "மருந்தடிக்க இனித் தம்பியை விடட்டோ?" தம்பிக்கு 29 வயது, அதே கிணற்றில் குடித்து வளர்ந்தவன். வெள்ளிக்கிழமை அவனையும் ரத்தம் பார்க்கக் கூட்டிப்போகிறேன்.