உறைந்த ஏரியும் வடுவூர் ஏரியும்

டிசம்பர் 4

மூன்று நாளாக மழை விடவில்லை. மன்னார்குடியில் வெயிலைக் காணாத இந்நாட்களில், அலாஸ்காவின் வடகோடியில் நவம்பரில் மறைந்த சூரியன் ஜனவரி பிற்பகுதி வரை எழாத உட்கியாக்விக் ஊரைச் சுற்றியுள்ள ஏரிகளைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். அங்கே இருளும் இங்கே மேகமும் கண்ணை மறைக்கும்போது, தன் அலையைத் தானே அனுப்பி எதிரொலியை வாங்கும் ரேடாரே இரண்டு ஊருக்கும் துணை. சென்டினல்-1 என்னும் ரேடார் செயற்கைக்கோளின் சென்ற ஆண்டுப் படங்களை இறக்கினேன். மின்சாரம் இருமுறை போனதில் பாதி நாள் கழிந்தது.

டிசம்பர் 7

நன்னீர்ப் பனிக்கட்டி சுமார் 5.5 செ.மீ. நீளமுள்ள இந்த ரேடார் அலையைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. ஆகவே படத்தில் தெரிவது பனியன்று, அதன் அடிப்பரப்பு. பனியின் ஒப்புமை விடுதிறன் (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இசைகிறது என்பதன் அளவு) ஏறக்குறைய 3.2, நீருக்கோ அது பன்மடங்கு அதிகம். அதனால் அடியில் நீர் இருந்தால் எதிரொலி வலுத்து ஏரி வெளுப்பாகத் தெரிகிறது. பனி தரைவரை உறைந்துவிட்டால் அலை சேற்றுக்குள் இறங்கி, அந்த இடம் கறுத்துவிடுகிறது. குளிர் முற்ற முற்ற இக்கறுப்பு கரையிலிருந்து உள்நோக்கிப் பரவுவதை மாதவாரியாகப் பார்ப்பதே ஆழத்தை அளப்பது போல இருக்கிறது.

டிசம்பர் 8

வெளுப்புக்குப் பனியில் உள்ள குழல்வடிவக் காற்றுக்குமிழிகளே காரணம் என்று நெடுநாள் நம்பப்பட்டது. பனிக்கும் நீருக்கும் இடையிலுள்ள எல்லையின் சொரசொரப்பே முதன்மையானது என்னும் பிந்தைய விளக்கத்தையே நான் ஏற்கிறேன்.

டிசம்பர் 12

“நம்ம வடுவூர் ஏரி இதுல எப்படித் தம்பி தெரியும்?” என்று அப்பா கேட்டார். காற்றில்லாத நாளில் அசையாத நீர் கண்ணாடிபோல் அலையை வேறுபக்கம் தள்ளிவிடுவதால் கன்னங்கறுப்பாகவும், காற்று அலைத்த நாளில் வெளிறியும் தெரிந்தது. நடவு முடிந்து நீர் நின்ற வயல் கறுப்பாகவும், தூர் கட்டிய சம்பா வெளுப்பாகவும் இருப்பதை அவரே கண்டுபிடித்துவிட்டு, “அப்ப, கறுப்பா இருந்தா தரைவரைக்கும் உறைஞ்சுட்டுதுன்னு எப்படிச் சொல்லுவ?” என்றார்.

டிசம்பர் 13

அக்டோபர்ப் படத்தில் நான் தரைதட்டியவை, அதாவது தரைவரை உறைந்தவை, எனக் குறித்திருந்த ஏரிகளை மீண்டும் பார்த்தேன். உறையத் தொடங்கும் அப்பருவத்தில் அசையாத நீரும், வழுவழுப்பான புதுப்பனியும்கூட கறுப்பாகவே தெரியும். அவற்றில் பல பிப்ரவரியில் வெளுத்திருந்தன. அக்டோபர்க் குறிகள் அனைத்தையும் அழித்தேன்.