ஓய்வுக்குப் பின் பட்டப்படிப்பும் எழுத்தறிவு வகுப்பும்: நான் கடந்து வந்த வழி

அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, துணை அஞ்சலக அதிகாரியாக 2018ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவள் நான். பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பை முடித்த கையோடு வேலை கிடைத்துவிட்டதால் கைவிட்டுப்போன இளங்கலை வரலாற்றுப் படிப்பில் இப்போது ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் தன்னார்வலராக வகுப்பும் எடுக்கிறேன். விதிப்படி இரண்டுக்கும் உச்ச வயது வரம்பு கிடையாது. ஆனால் படிவத்தை வகுத்தவர்களும் முகப்பில் அமர்ந்து அதை வாங்குகிறவர்களும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை மட்டுமே மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் உணர்ந்தேன். என் வயதில் இருப்பவர்கள் அதே இடங்களில் மனம் தளர்ந்து திரும்பிவிடக் கூடாது என்பதற்காகவே விவரமாக எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு முதல், தொலைநிலைக் கல்வியிலோ இணையவழிக் கல்வியிலோ சேரும் எவரும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தளத்தில் ‘டெப்’ எண் என்னும் மாணவர் அடையாள எண் ஒன்றை உருவாக்கிக்கொண்டாக வேண்டும். அதற்கு முன் ‘ஏபிசி’ என்னும் பன்னிரண்டு இலக்கக் கல்விக் கணக்கு எண் வேண்டும். அது அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாகக் கிடைக்கும். டிஜிலாக்கருக்குள் நுழைய ஆதாரில் பதிவான கைபேசிக்கு வரும் ஓடிபி வேண்டும். என் ஆதாரில் பதிவாகியிருந்ததோ மறைந்த என் கணவர் பயன்படுத்திய எண். அது எப்போதோ செயலிழந்துவிட்டது. கைபேசி எண்ணை மாற்றுவதற்கு எந்த ஆவணமும் தேவையில்லை, நேரில் போய் விரல் ரேகை பதிந்தால் போதும். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் சேவையாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்தும் மாற்றித் தருவார். என் விரல் ரேகைகள் தேய்ந்துபோயிருந்ததால் கருவி அவற்றை ஏற்கவில்லை. ஆதார் மையத்துக்கே போய்க் கருவிழியைப் பதிந்து மாற்றிக்கொண்டேன். ரேகை விழவில்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால், கருவிழிப் பதிவு செய்யும்படி நீங்களே கேளுங்கள். பல மையங்களில் அவர்களாக அதைச் சொல்வதில்லை.

இதற்குப் பின் வந்ததுதான் உண்மையான சிக்கல். என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும், பணிப்பதிவேட்டிலும், ஓய்வூதிய ஆணையிலும் என் பெயருக்கு முன் தந்தையின் தலைப்பெழுத்துத்தான் இருக்கிறது. ஆதார் எடுத்தபோது குடும்ப அட்டையைப் பார்த்துப் பதிந்தவர் என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரைச் சேர்த்துவிட்டார். எனக்கு இத்தனை ஆண்டுகளில் அதனால் எந்த இடையூறும் வந்ததில்லை. ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பம் என் பெயரை டெப் எண்ணிலிருந்து தானாக எடுத்துக்கொள்கிறது. அதில் நாம் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. சான்றிதழில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் வேறு பெயர் என்று கூறி, கல்வி மையத்தில் இருந்த ஊழியர் என் தாள்களைத் திருப்பித் தந்தார். அரசிதழில் பெயர் மாற்றம் செய்து, அந்தப் பிரதியோடு வரும்படி சொன்னார். அதோடு நிற்காமல், “இந்த வயசுல பட்டம் வாங்கி என்னம்மா செய்யப் போறீங்க?” என்றும் கேட்டார். அவருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இளைஞர்கள் முன்னிலையில் அவர் அப்படிக் கேட்டது இன்றும் உறுத்துகிறது.

ஓய்வூதியம் பெறும் பெண்களுக்கு இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அரசிதழில் பெயரை மாற்றச் சொன்னால் உடனே கிளம்பிவிடாதீர்கள். கணவர் பெயரோடு கூடிய பெயரை நான் அரசிதழில் அறிவித்திருந்தால், பள்ளிச் சான்று, பணிப்பதிவேடு, ஓய்வூதிய ஆணை ஆகிய எல்லாவற்றுக்கும் மாறான ஒரு புதுப் பெயரை நானே ஏற்றுக்கொண்டதாகியிருக்கும். பிறகு ஓய்வூதிய ஆணையையும் திருத்த அலைந்திருக்க வேண்டும். முதலில் உங்கள் தாள்கள் அனைத்தையும் ஒரு மேசையில் பரப்பி, எந்தத் தாளில் உள்ள பெயர் மற்றவற்றோடு ஒத்துவரவில்லை என்று பாருங்கள். அந்த ஒன்றைத் திருத்தினால் போதும். எனக்கு அது ஆதார்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். பிறந்த தேதியை ஒரே முறைதான். ஆகவே எழுத்துக்கூட்டல், தலைப்பெழுத்தின் இடம், இடையில் விட வேண்டிய வெளி உட்பட அனைத்தையும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ளபடியே ஒரு தாளில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதிக்கொண்டு போங்கள். திரையில் தெரிவதை அதோடு ஒப்பிட்ட பிறகே ஒப்புதல் கொடுங்கள். நான் முதலில் போன மையத்தில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை நீட்டினேன்; அது பழைய தாள், ஏற்க முடியாது என்றார்கள். அங்கும் அரசிதழ்ப் பேச்சுத்தான். வீடு திரும்பிய பின், ஏற்கத்தக்க ஆவணங்களின் பட்டியலை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து பேத்தியைக் கொண்டு அச்செடுத்துப் படித்தேன். அரசு வழங்கிய ஓய்வூதியர் புகைப்பட அட்டை அதில் அடையாளச் சான்றாக இடம்பெற்றிருந்தது. அந்தப் பட்டியலில் உரிய வரியின் கீழே கோடிட்டு, ஓய்வூதியர் அட்டையோடு வேறொரு மையத்துக்குச் சென்றேன். அங்கிருந்த பெண் ஊழியர் பட்டியலைப் படித்துப் பார்த்தார், மறுபேச்சின்றிப் பதிந்தார். அப்போது கட்டணம் 50 ரூபாய். திருத்திய ஆதார் வந்ததும் அதன் நகலை ஓய்வூதியம் வரும் வங்கியில் ஒரு கடிதத்துடன் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கிவிட்டேன். நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்கும்போது புதுத் தொல்லை எதுவும் வந்துவிடக் கூடாதல்லவா!

பெயர் சரியானது; அடுத்த தடை பி.யூ.சி. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கும் வரை பதினொரு ஆண்டுப் பள்ளிப் படிப்பும் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் இருந்தன. பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரியும். விண்ணப்பத்தில் இருந்தவையோ பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே. தேர்வு வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் பள்ளிக் கல்வி வாரியங்கள்தாம் இருந்தன. புகுமுகத் தேர்வை நடத்தியது பல்கலைக்கழகம். என் சான்றிதழில் மதுரைப் பல்கலைக்கழகம் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பல்கலைக்கழகமே கிடையாது என்றார் அதே ஊழியர். 1966இல் அந்தப் பெயரில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம்தான் 1978இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆயிற்று என்று நான் விளக்கியும் அவர் ஏற்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையானது என்று சான்று வாங்கி வரச் சொன்னார்.

இம்முறை நான் அவரோடு வாதிடவில்லை. துறையில் கற்ற பழக்கம் கைகொடுத்தது. எதை மறுக்கிறார்களோ அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு, பதிலை எதிர்பார்க்கும் தேதியையும் குறிப்பிட்டு, மண்டல மையத்தின் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பழைய கல்வி முறையை நான்கே வரிகளில் சொல்லி, இரு சான்றிதழ்களின் நகல்களையும் இணைத்திருந்தேன். புகுமுக வகுப்பைப் பன்னிரண்டாம் வகுப்பாகவே ஏற்கலாம், வாரியம் என்ற இடத்தில் ‘பிற’ என்பதைத் தேர்ந்து பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதலாம் என்று பதில் வந்தது. அதை அச்செடுத்து விண்ணப்பத்தோடு பதிவேற்றினேன். சேர்க்கை உறுதியானதாகக் குறுஞ்செய்தி வந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி, முதல் பணி ஆணை கையில் கிடைத்த நாளின் மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று.

இடைத்தரகர்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பேருந்து நிலையத்தை ஒட்டிய கணினி மையங்கள் சிலவற்றில், எல்லாவற்றையும் தாங்களே முடித்துத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்குகிறார்கள். அவசரத்தில் தங்கள் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்துவிடுகிறார்கள். பிறகு தேர்வு நுழைவுச் சீட்டு எடுப்பதற்கும் அவர்களிடமே போய் நிற்க வேண்டியிருக்கும். டெப் எண் வாழ்நாள் முழுமைக்கும் ஒன்றுதான். வேறு யார் தட்டச்சு செய்தாலும் பதிவாகிற எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையாக இருக்கட்டும். சேரவிருக்கும் நிறுவனமும் படிப்பும் அந்தப் பருவத்துக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்றவையா என்று குழுவின் தளத்தில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஓராண்டில் பட்டம் என்று துண்டறிக்கை கொடுப்பவர்களை அண்ட விடாதீர்கள்.

பாட நூல்கள் வந்தன, ஒப்படைப்புகளை எழுதிக் கொடுத்தேன். மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதும் பழக்கம் விட்டுப்போயிருந்ததால், தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் காலையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பழகினேன். மணிக்கட்டு வலிக்குத் தைலத்தைவிட இந்தப் பயிற்சியே உதவியது.

எழுத்தறிவுப் பணியில் எனக்கு நெடுங்காலமாகவே நாட்டம் உண்டு. அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் எஸ்.பி.7 படிவத்தில் கைநாட்டு வைப்பவருக்கு, அலுவலகத்துக்குத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தன் பணத்தைத் தானே எடுப்பதற்கு அடுத்தவர் வரும்வரை திண்ணையில் காத்திருந்த பெண்களை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அங்கு பணியாற்றினேன். மாலை வேளைகளில் வகுப்பெடுத்தேன். பெண்கள் படிப்போடு சைக்கிளும் கற்று ஊர் ஊராகச் சென்ற காலம் அது. ஓய்வுக்குப் பின் அந்தப் பணியைத் தொடர வேண்டும் என்று விரும்பி, தன்னார்வலர்களைத் தேடுவதாக விளம்பரம் செய்த ஒரு தொண்டு நிறுவனத்தை முதலில் அணுகினேன். உறுப்பினர் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று வரிசையாகக் கேட்டார்கள். வகுப்பு எங்கே, கற்பவர்கள் யார் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. எழுந்து வந்துவிட்டேன். உங்கள் உழைப்பை இலவசமாகப் பெற்றுக்கொண்டு உங்களிடமே பணமும் கேட்பவர்களிடம் சேவை செய்யப் போகாதீர்கள்.

சரியான வழி வீட்டுக்கு அருகிலேயே இருந்தது. தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் நடத்தும் எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரையிலானது. 15 வயதுக்கு மேற்பட்ட எவரும் கற்கலாம். கற்பிப்பவர்களுக்கு ஊதியம் இல்லை. அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரையோ வட்டார வள மையத்தையோ அணுகினால் போதும். எங்கள் ஊர்த் தலைமை ஆசிரியை என்னை நாற்காலியில் அமரச் சொல்லி, அன்றைக்கே என் பெயரைப் பதிந்துகொண்டார்.

வகுப்பின் நேரம்தான் முதலில் ஒத்துவரவில்லை. காலை வகுப்புக்கு யாரும் வரவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? அவர்கள் வேலை முடிந்து, வீட்டு வேலையையும் ஒதுக்கிவிட்டு வரக்கூடிய நேரத்தை அவர்களையே சொல்லச் சொன்னேன். அந்த நேரத்துக்கு வகுப்பை மாற்றிய பிறகு வருகை நிலைத்தது.

அதன் பிறகும் சிலர் எழுத்துகளைச் சேர்த்துப் படிக்கத் திணறினார்கள். வகுப்பைப் பார்வையிட வந்த ஒருவர், வயதானவர்களுக்கு ஏறாது, இளையவர்களாகச் சேருங்கள் என்று அவர்கள் காதுபடவே சொன்னார். எனக்குக் கடுங்கோபம் வந்தது. அந்தப் பெண்களில் ஒருவர் புத்தகத்தைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்ததைக் கவனித்தபோதுதான் காரணம் விளங்கியது. அது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வரும் பார்வைக் குறை. எழுத்தையே பார்த்திராதவர்களுக்கு அது வந்தது எப்படித் தெரியும்? அரசு மருத்துவமனையின் கண் பரிசோதனை முகாமுக்கு அவர்களை அழைத்துச் சென்றேன். ஒருவருக்குக் கண்புரை இருப்பது தெரிந்து அறுவை சிகிச்சையும் நடந்தது. மற்றவர்கள் கண்ணாடி போட்ட பிறகு, வாரக்கணக்கில் நகராத பாடம் விரைந்து நகர்ந்தது. முதியோருக்குக் கற்பிக்கப் போகிறவர்கள் அரிச்சுவடியை எடுப்பதற்கு முன் கண் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.

பாடத்தையும் அவர்களுக்கு வேண்டியதிலிருந்து தொடங்குங்கள். என் மாணவிகள் பேருந்தின் பெயர்ப் பலகை, நியாயவிலைக் கடையின் அறிவிப்பு, வேலை அட்டையில் பதிந்த நாட்கள் ஆகியவற்றைப் படிக்கவே விரும்பினார்கள். வேலை அட்டையைப் படித்த ஒருவர், தான் வேலை செய்த ஒரு நாள் பதிவாகவில்லை என்று கண்டுபிடித்து, பணித்தளத்தில் கேட்டுத் திருத்த வைத்தார். எஸ்.பி.7 படிவத்தைத் தானே நிரப்பிக் கையெழுத்திட்டுச் சாட்சி இல்லாமல் பணம் எடுத்தவரும் உண்டு. கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு மாறுவதற்கு அஞ்சலகத்தில் மாதிரிக் கையொப்பத்தை முன்கூட்டியே மாற்றிப் பதிந்திருக்க வேண்டும் என்பதை நான் அறிந்திருந்ததால், அவர் வீணாக அலையவில்லை.

திட்டத்தின் இறுதித் தேர்வு படித்தல், எழுதுதல், எண்ணறிவு என மூன்று பகுதிகளாக 150 மதிப்பெண்களுக்கு நடக்கிறது. தேர்வு என்ற சொல்லைக் கேட்டதும் இருவர் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய், நானும் இந்த வயதில் தேர்வு எழுதப் போகிறேன் என்று சொல்லி, என் நுழைவுச் சீட்டைக் காட்டினேன். ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர் மகள் வீட்டுக்கு வெளியூர் போய்விட்டார்.

பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கும் ஓய்வூதியர்களுக்கு இன்னொரு விவரம். முதலாண்டுத் தேர்வு முடிவு வரும் முன்பே இரண்டாம் ஆண்டுக்கான மறுபதிவு தொடங்கிவிடுகிறது. முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் கடைசித் தேதி கடந்துவிடும். தேர்ச்சி பெறாத தாள் இருந்தாலும் மறுபதிவு செய்யலாம். எனக்கு இதை யாரும் தெரிவிக்கவில்லை. தளத்தை வாரம் ஒருமுறை பார்க்கும் வழக்கத்தால் தெரிந்துகொண்டு கட்டணத்தைச் செலுத்திவிட்டேன்.