மெழுகுக் கெபாசிட்டரும் மார்ஷல் ஆம்பும்

“கெபாசிட்டர் எல்லாத்தையும் மாத்திடுங்க. எனக்கு ஜான் லார்ட் சத்தம் வேணும்” என்றார், தன் பழைய ஹேமண்ட் ஆர்கனைப் பழுதுபார்க்கச் சொன்னவர். டீப் பர்ப்பிள் ராக் குழுவின் ஆர்கன் கலைஞர் லார்ட்; கிடார் ஆம்பில் ஆர்கனை உறுமவிட்டவர். கெபாசிட்டர் மாற்றுவது ஒரு வேலை, அந்தச் சத்தம் வேறு வேலை என்றேன். “அப்ப எதை விடலாம்?” என்று கேட்டார். கெபாசிட்டரை விடலாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானா என்பது இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அது 1964க்கு முந்தைய ஹேமண்ட் சி3. பல் வைத்த சக்கரங்கள் காந்தங்களின் முன் சுழன்று சுருதிகளை உண்டாக்கும் பகுதிதான் டோன் ஜெனரேட்டர். அந்தக் காலத்து ஜெனரேட்டரில் மெழுகுக் காகிதக் கெபாசிட்டர்கள்தான் இருக்கும். சிவப்பு மைலார் (பிளாஸ்டிக் படலம்) பிறகு வந்தது. மேல் ஸ்தாயிச் சக்கரங்களுக்கு ஆளுக்கொரு குட்டி டிரான்ஸ்ஃபார்மரும் கெபாசிட்டரும் உண்டு. இரண்டும் சேர்ந்து அந்தச் சுருதியை மட்டும் உள்ளே விடும். பெரும்பாலானவை 0.105 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும். காகிதம் ஈரம் குடிக்கக் குடிக்க மதிப்பு ஏறும். கெபாசிட்டரின் ஒரு முனையைக் கழற்றி அளந்தால் மீட்டர் 0.13, 0.14 என்று காட்டும். சுருதி பிசகாது, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது சக்கரத்தின் பல்லும் வேகமும்தான். ஒத்ததிர்வு கீழே இறங்கிவிடுவதால் சத்தம் மட்டும் அடங்கிப்போகும். எல்லாம் ஒரே அளவில் ஏறுவதுமில்லை. ஒரு கட்டை கணீரென்று ஒலிக்கும், பக்கத்துக் கட்டை தொண்டை கட்டிய மாதிரி இருக்கும்.

லார்டின் கதை தெரிந்ததுதான். ரிச்சி பிளாக்மோரின் கிடாருக்கு ஈடுகொடுக்க, டீப் பர்ப்பிளில் அவர் ஹேமண்டை மார்ஷல் என்ற கிடார் ஆம்பில் சொருகினார். 1971 டிசம்பரில் மான்ட்ரூவில் பதிவான ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் ஆர்கன் எது, கிடார் எது என்று சில இடங்களில் பிரிக்கவே முடியாது. 1973இல் ஃப்ளீட்வுட் மேக் குழுவின் கிறிஸ்டின் மெக்வீயிடமிருந்து ஒரு சி3 வாங்கினார். அதோடு ஆர்எம்ஐ எலெக்ட்ரா பியானோ என்ற மின்னணு பியானோவையும் இணைத்தார்கள். 2002இல் குழுவை விட்டபோது அந்த ஆர்கனைத் தன் இடத்துக்கு வந்த டான் ஏரியிடம் ஒப்படைத்தார்.

மார்ஷலில் சொருகினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சொருகிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆர்கனுக்குள் இருக்கும் பிரீஆம்பின் ஜி என்ற வெளியீட்டு முனைகளில் வருவது வோல்ட் கணக்கு. கிடார் ஆம்பின் வாய் எதிர்பார்ப்பது அதில் ஒரு துணுக்கு. நான் தொடரில் 100 கிலோஓம், தரைக்கு 4.7 கிலோஓம் போடுவேன். இருபதில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவாக வரும். ஹம் என்ற ரீங்காரம் எழுந்தால் இரண்டையும் பிரிக்க 1:1 டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். எர்த்தை வெட்டி ஹம்மை நிறுத்துகிறவர்கள் உண்டு; வால்வு ஆம்பில் அது உயிரோடு விளையாடுவது. கால் பெடல் இந்த முனைக்கு முன்னால் இருப்பதால், பெடலை மிதிக்க மிதிக்க சத்தத்தோடு உறுமலும் கூடும். லார்ட் மாதிரி வாசிக்க நினைப்பவருக்குக் கையை விடக் கால் பழக வேண்டும். முதல் மூன்று டிராபாரை (ஒலிக்கலவையை அமைக்கும் இழுப்புக் கம்பிகள்) முழுதாக இழுத்து, நான்காவது, ஐந்தாவது சுர இடைவெளிகளைப் (ச-ம, ச-ப) பிடித்தால் இடி மாதிரி நிற்கும். அதிலேயே மூன்றாவது இடைவெளியை (ச-க) சேர்த்தால், சுரங்களின் கூட்டலும் கழித்தலும் கிளம்பி எல்லாம் சகதியாகிவிடும்.

என் கணக்கு இதுதான். ஒவ்வொரு கட்டைக்கடியிலும் ஒன்பது தொடுமுனைகள். அவை முன்னே பின்னே தொடும்போது வருவதுதான் அந்த ‘கிளிக்’. மார்ஷல் அதைப் பெரிதாக்கிக் கடி கொடுக்கும். புதுக் கெபாசிட்டர் போட்டு மேல் சுருதிகளை எழுப்பிவிட்டால், அந்தக் கடி காதைக் கிழிக்கும். அடங்கிய ஜெனரேட்டர்தான் உறுமலுக்கு உகந்தது. ஆர்கனின் சொந்தக்காரரும் வாசித்துப் பார்த்துவிட்டு, இதுதான் வேண்டும் என்றார்.

ஆனால் சி3 தயாரிப்பு தொடங்கியதே 1950களின் நடுவில்தான். மான்ட்ரூவில் லார்ட் வாசித்த ஆர்கனுக்கு எப்படிப் பார்த்தாலும் இருபது வயது ஆகியிருக்காது. அறுபது வருட ஈரம் அதில் ஏது? அப்படியானால் ஆர்கன்காரர் கேட்ட சத்தத்துக்கு நெருக்கம் புதுக் கெபாசிட்டராகத்தானே இருக்க முடியும்? பழையதைத் தொடக்கூடாது என்று நான் அழுத்திப் பேசியதும் பொருந்தவில்லை. ஆர்கனோடு எலெக்ட்ரா பியானோவைக் கோத்தவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு, மூலத்தன்மையைக் காப்பாற்று என்று உபதேசம்!

இருந்தாலும் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ஆலையில் கெபாசிட்டரை டிரான்ஸ்ஃபார்மருக்கு இசைவாகத் தேர்ந்து போட்டார்கள், இன்று 0.1 என்று எழுதியதைக் கண்மூடிப் போட்டால் வேறொரு ஏற்றத்தாழ்வு வரும். சமன்செய்யக் காந்தத் தண்டை நகர்த்தலாமே என்பார்கள். பூட்டுத் திருகைத் தளர்த்தி மயிரிழை அதிகம் தள்ளினால் தண்டின் முனை சக்கரப் பல்லில் உரசும். தண்டோடு காயிலும் திரும்பினால் தலைமுடி மாதிரியான கம்பி அறுந்துவிடும். அந்தச் சுருதி போனது போனதுதான்.

லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கரில் மெதுவாக வாசித்தால் மேல்பக்கம் மங்கலாக இருக்கிறது என்று ஆர்கன்காரர் பிறகு சொன்னார். அது நான் எதிர்பார்த்ததே. அவர் திரும்பக் கேட்டால் மாற்றித் தருவேன்: ஒவ்வொரு சுருதியின் வெளியீட்டையும் முன்பும் பின்பும் அளந்து, ஒவ்வொன்றாக, காந்தத்தைத் தொடாமல். மார்ஷலில் போடும்போது நான்காவது டிராபாருக்கு மேல் இழுக்காதீர்கள் என்றும் சொல்வேன். கேட்பாரா என்பது வேறு.